பர்டெட் கிணற்று எஞ்சின்

மே 9

இல்லை, சின்னது போதாது. பெரியதுதான் வேண்டும்.

டிரக்குக்குச் சின்ன எஞ்சின் போதாதா என்று காலையில் அப்பா கேட்டதற்கு நான் வாயால் சொல்லாத பதில் இது. வாயால் சொன்னது: "பாக்கலாம்ப்பா."

டிரக் முற்றத்தில் நிற்கிறது. 1972 ஷெவர்லே பிக்கப். ஒரு காலத்தில் பச்சை. அதனுடன் பிறந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் போன வாரம் டூலியா சாலையில் தன் விலாவைத் தானே உடைத்துக்கொண்டு, எண்ணெயையெல்லாம் தாரில் கொட்டிவிட்டு நின்றது. இழுத்துக்கொண்டு வந்தோம். வழியில் பெட்ரோல் பங்கில் நின்ற ஆண்கள் தொப்பியைத் தொட்டார்கள், சவ ஊர்வலத்துக்குத் தொடுவதுபோல. ஒருவன் சொன்னான்: "ஆஸ்டின்ல தத்துவம் படிச்சியே, அதைப் போட்டு ஓட்டேன்."

அதனால்தான் பெரியது. எட்டு சிலிண்டரில் கனமான வகை. இந்த ஊர் அதை 'பெரிய பிளாக்' என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. தேவாலயத்தில் மட்டும் அப்படித் தாழ்த்தும்.

மே 10

காற்று. தட்டில் மண்.

மே 12

ஒரே ஒரு முறை எழுதிவிடுகிறேன், பிறகு எழுத வேண்டியதில்லை.

அப்பா முன்பு பம்ப்செட் எஞ்சின்கள் பார்த்தார். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஓர் எஞ்சின். எரிவாயுவில், கோடை முழுக்க நிற்காமல் ஓடும். நின்றால் மக்காச்சோளம் கருகும். இந்த வட்டாரத்தில் அப்பா, வெர்லின் சேல்ஸ், கை வைத்த எஞ்சின் நிற்காது என்றார்கள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது ஹாய்ட் பர்டெட்டின் வடக்குக் கிணற்று எஞ்சினை முழுசாகப் பிரித்துப் புதுசாகக் கட்டிக் கொடுத்தார். அதே வருஷம் ஜூலையில் அது நடுங்க ஆரம்பித்தது. காங்கிரீட் மேடையே விரிசல் விடுமளவு நடுக்கம். ஹாய்ட் அதை நிறுத்தினார். சோளம் போனது. காபிக் கடையின் நீள மேசையில் உட்கார்ந்து, வெர்லின் என் எஞ்சினைக் கெடுத்துவிட்டான் என்றார்.

அவ்வளவுதான். யாரும் அப்பாவிடம் சண்டை போடவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

இப்போது மாட்டுப் பண்ணையில் தீவனம் அரைக்கிறார். அவருடைய கருவிப் பெட்டி கொட்டகையில் தார்ப்பாயின் கீழ் இருக்கிறது. நான் திறந்தால் எழுந்து போய்விடுகிறார்.

மே 15

ஓஃபீலியா கன்டூவின் பழைய வண்டிக் கிடங்கு. ஓர் எஞ்சின் மரப்பலகையில் உட்கார்ந்திருந்தது, பளீர் ஆரஞ்சு. கொண்டுவந்து போட்டவன் 454 கன அங்குலம் என்று சொல்லியிருக்கிறான். எண் பெரிதாக இருந்தால் வயிறு பெரிது. அந்த எண்ணைச் சொன்னால் ஆண்கள் தொப்பியைத் தொடுவார்கள்.

"பெயிண்ட் புதுசு" என்றேன்.

"கல்யாணப் பொண்ணு மாதிரி அலங்காரம்" என்றாள் ஓஃபீலியா. "முகத்தைக் கழுவிப் பாரு கண்ணு. எனக்கும் தெரிஞ்சாகணும்."

கழுவினேன். மண்ணெண்ணெய், கம்பி பிரஷ், பழைய பனியன். பின்பக்கம், கியர் பெட்டி சேரும் விளிம்பில், வார்ப்பிலேயே எண் இருக்கும். அதற்கு முன்பே பக்கவாட்டில் வேறொன்று கண்ணில் பட்டது. 366 என்ற எண், அதை ஒட்டி வார்க்கப்பட்ட T என்ற எழுத்து. பள்ளிப் பேருந்துக்கும் தானிய லாரிக்கும் செய்த உயரமான வகை. உடம்பு பெரிது, வயிறு சின்னது. 454 இல்லை, 366. மேலே உட்காரும் குழாய் அமைப்பு எதுவும் இதற்குப் பொருந்தாது.

ஓஃபீலியா சிரித்தாள். கொண்டுவந்தவனுக்கே தெரிந்திருக்காதாம். இந்த ஊரில் ஆரஞ்சு பூசிவிட்டால் எல்லாமே 454 தானாம்.

பிறகு, கையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "உண்மையான பெரிசு ஒண்ணு இருக்கு. ஹாய்ட்டோட வடக்குக் கிணத்துல. இன்னும் அங்கயேதான் நிக்குது. ஆனா நீ போய்க் கேக்க மாட்டே."

ஏன் கேட்க மாட்டேன்?

மே 16

ஏன் கேட்க மாட்டேன்.

மே 18

கேட்டேன்.

ஹாய்ட் வராந்தாவில் பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்தார். மனைவி தவறிய பிறகு ஆள் இளைத்துவிட்டார், குரல் இளைக்கவில்லை. மிஸ்டர் ஹாய்ட், வடக்குக் கிணற்று எஞ்சின் எனக்கு வேண்டும் என்றேன். அவர் ஒரு பூட்ஸோடு அப்படியே இருந்தார்.

"அப்பன் கெடுத்ததை மக தூக்கிட்டுப் போறியா?"

"கெட்டிருக்கான்னு பாத்துட்டுத் தூக்கிட்டுப் போறேன்."

"கிராங்க் வளைஞ்சிருக்கு பொண்ணே. பழைய இரும்புக்காரன்கூட எட்டிப் பாக்கல. எடுத்துக்கோ. பாம்பு இருக்கும், அதையும் எடுத்துக்கோ."

நன்றி சொன்னேன். இலவசமாகக் கொடுப்பதில் ஒரு வகை இருக்கிறது. வாங்கிக்கொள்பவரை அது மண்டியிட வைக்கும். நான் நின்றுகொண்டே வாங்கினேன்.

மே 19

பாம்பு இல்லை. குளவிக் கூடுகள்தான், மண் குழாய்களாக, எல்லாத் துளையிலும்.

தகரக் கூரை இருந்ததால் துரு மேலோடு நின்றிருக்கிறது. விளிம்பைச் சுரண்டி எண்ணைப் படித்தேன். கையேட்டைப் பார்த்தேன். அந்த வார்ப்பு இரண்டு எஞ்சின்களுக்குப் பொது: 427, 454. வெளி உடம்பு ஒன்றே, உருளையின் அகலமும் ஒன்றே. உள்ளே பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் தண்டு, கிராங்க், மட்டும் வேறு. முன்னால் வலது பக்கம் முத்திரை குத்தும் இடம் மழமழவென்று இருந்தது. புதுசாகக் கட்டும்போது அப்பா மேல்தளத்தைச் சீவியிருக்கிறார், எழுத்தும் சேர்ந்து போயிருக்கிறது.

மிச்சம் ஒரே அடையாளம். கிராங்கின் மூக்கில் ஏறும் கனத்த இரும்பு வட்டம், டேம்பர். நடுக்கத்தை விழுங்குவதற்காக வைத்தது. 454-இன் கிராங்குக்குத் தன் எடை தனக்குப் போதாது, அதனால் அதன் டேம்பரில் ஒரு பக்கம் மட்டும் கனம் வைத்திருப்பார்கள், பிறை மாதிரி. 427-க்கு அது தேவையில்லை. அதன் டேம்பர் முழு வட்டம்.

குளவி மண்ணைத் துடைத்தேன். முழு வட்டம்.

427. அரிதானது. பிளாக்கின் மேலேயே படுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தேன்.

மே 19, பின்னர்

சாப்பாட்டில் சொல்லிவிட்டேன். பீன்ஸ், சோள ரொட்டி. பர்டெட் கிணற்று எஞ்சினைப் பார்த்தேன்ப்பா, அது 427.

அப்பா ரொட்டியைக் கீழே வைத்தார்.

"இல்ல. அது 454."

"டேம்பர் முழு வட்டம்ப்பா. நானே துடைச்சுப் பாத்தேன்."

"அந்தக் கிராங்கை எந்தக் கையால உள்ள இறக்கினேன்னு நினைக்கிறே?"

அவ்வளவுதான். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கிணற்றைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் சொற்கள், அதுவும் என்னை மறுப்பதற்கு. பிடிவாதம் பிடித்த மனுஷன். கண்ணால பாத்ததைச் சொல்றேன், இல்லங்கிறார். பாக்கக்கூட வர மாட்டார், ஆனா இல்லங்கிறார்!

பேனா தாளைக் கிழித்துவிட்டது. நாளை எழுதுகிறேன்.

மே 22

பாதி உலகம் தெரிந்த மாதிரி பேசுகிறது. நானும் அந்தப் பாதியில் இருக்கிறேனோ?

இரும்பைக் கேட்பதுதான் வழி. எண்ணை மழிக்கலாம், பெயிண்டை மாற்றலாம். பிஸ்டன் மேலிருந்து கீழே எவ்வளவு தூரம் போகிறதோ அதை யாரும் மாற்றிச் சொல்ல முடியாது. 427 என்றால் நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறையும். 454 என்றால் சரியாக நாலு. சிலிண்டர்களில் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டிருக்கிறேன்.

மே 26

இடது பக்கச் சிலிண்டர்களை மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றி இறக்கினேன், தனியாக, நெஞ்சில் அணைத்து, கெட்ட வார்த்தைகள் சொல்லி.

முதலில் பார்த்தது அளவை அல்ல. சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள், புதுசாகக் கட்டும்போது கல்லால் இழைத்துப் போடுவார்களே, எண்ணெய் தங்க, அவை அப்படியே இருந்தன. எரிவாயு சுத்தமாக எரியும், சுவரைத் தின்னாது. அப்பாவின் கைக் கோடுகள். விரலை வைத்துப் பார்த்தேன். பிறகுதான் ஞாபகம் வந்து இரும்பு அளவுகோலை எடுத்தேன்.

மூக்கு போல்ட்டில் நீளத் தடி போட்டு மெல்ல மெல்லத் திருப்பினேன். சுகமாகச் சுற்றியது. வளைந்த கிராங்க் அப்படிச் சுற்றாது.

நாலு அங்குலம். சரியாக.

இன்னொரு சிலிண்டரிலும் பார்த்தேன். நாலு.

அப்பா சொன்னது சரி. நான் பார்த்ததும் சரி. உள்ளே 454-இன் கிராங்க், முன்னால் அதற்குச் சேராத டேம்பர்.

அப்படியானால்—

நின்றபடியே எழுதுகிறேன். பின்னால் குனிந்து டார்ச் அடித்தேன். கிராங்கின் பின்முனைச் சக்கரமான ஃப்ளைவீலில் பிறை எடை இருக்கிறது. அப்பா பின்பக்கம் சரியாக மாட்டியிருக்கிறார். அப்படி மாட்டத் தெரிந்தவர் முன்பக்கம் தவறு செய்வாரா? டேம்பர் போல்ட்டின் தலை எஞ்சினின் மற்ற போல்ட்டுகள் மாதிரி இல்லை. வேறொரு கை. பிறகு வந்த கை.

ஒரு பக்கம் மட்டும் கல் கட்டின ராட்டினம். ஆடாமல் என்ன செய்யும்?

மே 27

டேம்பரை இழுத்துக் கழற்றினேன். உள்விளிம்பில் பெயிண்டுக் கோடு ஒன்று. ரோஜா நிறம்.

ஓஃபீலியாவின் மேசையில் வைத்தேன். அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். கிடங்கில் விற்கிற எல்லாவற்றிலும் அவள் கணவர் ஒரு கோடு இழுப்பாராம், வேறு பொருளைக் கொண்டுவந்து மாற்றிக் கேட்கக் கூடாது என்பதற்காக. அந்த நிறம் ஏனென்றால் யாரும் வாங்காத டப்பா மலிவாகக் கிடைத்தது.

"எங்க பொருள்தான். ஒரு பழைய காரோடது." பெயிண்டுக் கோட்டின் மேல் நகத்தை ஓட்டினாள். "ஹாய்ட்தான் வந்தார். அவரோட டேம்பர்ல ரப்பர் கழண்டு ஆட ஆரம்பிச்சிருந்துச்சு. உங்கப்பா அப்ப ஊர்ல இல்ல, கண்ணு. ஓக்லஹோமா போயிருந்தார், அவங்கம்மாவைப் புதைக்க. சோளம் பூ வைக்கிற நேரம். காத்திருக்க முடியலன்னார்."

"பெரிய பிளாக்குக்கு எல்லாம் ஒண்ணுதானேன்னு கேட்டிருப்பார்."

"கேக்கவே இல்ல. எல்லாருக்கும் தெரியுமே, ஒண்ணுதான்னு."

ஆம். எல்லாருக்கும் தெரியும். மாட்டினால் மாட்டிக்கொள்ளும், ஒரே துளை, ஒரே போல்ட், விரல் நுழைய இடைவெளி இருக்காது. அதுதான் இந்தத் தவறின் அழகு.

மே 27, வீட்டில்

சமையலறை மேசையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்பா பண்ணையிலிருந்து வந்து தீவன வாசனையோடு உட்கார்ந்தார். பார்த்தார். கட்டைவிரலை உள்விளிம்பில் வைத்துச் சுற்றிலும் ஓட்டினார், இருக்க வேண்டிய எடையைத் தேடுவதுபோல. மறுபடியும் ஒரு சுற்று.

"இது நான் மாட்டினது இல்ல."

"தெரியும்ப்பா."

"நான் மாட்டினதுல எடை இருந்துச்சு."

"தெரியும்."

பிறகு சொன்னார், வட்டத்திடம் சொல்வதுபோல: "உள்ள ஏதோ ஒரு மூடியைச் சரியா முறுக்காம விட்டுட்டேன்னு நினைச்சேன். எங்கம்மா சாகக் கெடந்த நேரம். மனசு எங்கயோ இருந்துச்சு. அப்படித்தான் ஆயிருக்கும்னு."

ஏம்ப்பா போய்ப் பாக்கல! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை போய்க் குனிஞ்சு பாத்திருந்தா — கத்திவிட்டேன். அவர் கத்தவில்லை.

"அவன் என்னைக் கேக்கல. ஊரைக் கேட்டான். கூப்பிடாத இடத்துக்கு எப்படிப் போறது?" பிறகு, இன்னும் மெதுவாக: "போய்ப் பாத்து, என் தப்பாவே இருந்திருந்தா?"

பெருமை என்று நான் இத்தனை காலம் நினைத்தது பயம். இரண்டும் வெளியிலிருந்து ஒரே மாதிரி இருக்கின்றன. பெயிண்ட் ஒன்றே.

படுக்கப் போகும்போது கதவில் நின்று சொன்னார். விட்டுடு ரீவா, அவன் வீட்டில் இப்போதுதான் சாவு. எஞ்சின் ஓடினால் போதும்.

போதாது.

ஜூன் 4

ஓஃபீலியாவின் கொக்கி வண்டியில் எஞ்சினைக் கொண்டுவந்தோம். நடுவீதி வழியாக. நான் கேட்டுக்கொண்டதால் நடுவீதி வழியாக.

ஜூன் 15

அடி பேரிங்குகளைத் திறந்து பார்த்தேன். சீக்கிரமே நிறுத்தியதால் தப்பித்திருக்கின்றன. அதற்காக ஹாய்ட்டுக்கு நன்றி சொல்ல வேண்டுமோ?

எடை வைத்த டேம்பர் ஓஃபீலியாவிடம் இருந்தது. ரோஜா நிறக் கோடு போட்டுத்தான் கொடுத்தாள். சட்டம் சட்டம்தானாம்.

ஜூன் 23

மழை இல்லை. டிரக்கின் அடிச்சட்டத்தில் எஞ்சினுக்குப் புதுத் தாங்கிகளை வைத்துப் பற்றவைத்தேன். கை முழுக்கப் பொறிப் புள்ளிகள்.

பெட்ரோல் பங்கில்: "என்ன ரீவா, பம்ப்செட்டு போட்டு டிரக் ஓட்டப் போறியாமே, பின்னாடி தண்ணி வருமா?" வரும், வாயைத் திறந்து நில்லு என்றேன்.

ஜூலை 2

ஓடியது.

மூன்றாவது முயற்சியில் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. முற்றத்துக் கோழிகள் சாலையைத் தாண்டி ஓடின. நான் சட்டைப் பையிலிருந்து ஐந்து சென்ட் நாணயத்தை எடுத்து, வால்வு மூடியின் மேல் விளிம்பில் நிறுத்தினேன், நெட்டுக்குத்தாக. கை எடுத்தேன். நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, நாணயம் நின்றுகொண்டே இருந்தது.

வலைக் கதவுக்குப் பின்னால் அப்பா. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"இடது பக்கம் ஒரு வால்வு தட்டுது" என்றார். படி இறங்கி வந்தார். கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயைத் தூக்கி, பெட்டியிலிருந்து தன் ஸ்பேனரை எடுத்தார். எது எங்கே இருக்கும் என்று பார்க்கவே இல்லை.

ஜூலை 11

தகிக்கிறது. எல்லாக் கிணறுகளும் இரவு பகலாக ஓடுகின்றன. காதை வைத்தால் நிலமே முனகுவதுபோல.

ஜூலை 14

ஹாய்ட்டின் இன்னொரு கிணற்று முனகல் நேற்றிலிருந்து இல்லை. எனக்கு முன்பே அப்பா கவனித்திருக்கிறார். முற்றத்தில் நின்று வடக்கே தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 16

காலையில் வாசலில் ஹாய்ட்டின் பிக்கப். இறங்காமல் சன்னலில் முழங்கை வைத்திருந்தார். பிளெயின்வியூ மெக்கானிக் அடுத்த வாரக் கடைசிக்கு முன்னால் வர முடியாதாம். சோளம் பூ வைத்துவிட்டது.

"உங்கப்பன் இருக்கானா?"

அப்பா வராந்தாவில்தான் இருந்தார். "இருக்கேன்" என்றார். "ஆனா இப்ப எஞ்சின் விஷயம்னா அவளைத்தான் கேக்கணும்."

நான் உள்ளே போய் அந்த முழு வட்டத்தை எடுத்துவந்து சன்னல் வழியாக அவர் மடியில் வைத்தேன். கனத்தில் அவர் தொடை இறங்கியது. ரோஜா நிறக் கோட்டைப் பார்த்தார். ஓஃபீலியாவின் கணவரை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"உங்க வடக்குக் கிணத்துல இருந்தது, மிஸ்டர் ஹாய்ட். 427-ஓடது. உள்ள இருந்த கிராங்க் 454. அது நடுங்கினது இதனாலதான்."

"அப்படியே உக்காந்துச்சே" என்றார். "ஒரே போல்ட்டு."

"எல்லாத்துலயும் உக்காரும்."

டிரக்கைப் பார்த்தார். காலையில்தான் ஓட்டிப் பார்த்திருந்தேன், பானெட் இன்னும் சூடு. அந்த எஞ்சினை எதுக்காகக் கெடுத்தானென்று இத்தனை வருஷம்— என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். தெரியாமல் செய்தவர் முகம் அது. நிச்சயமாகத் தெரியாமல்தான். எனக்கு அது இடைஞ்சலாக இருந்தது. தெரிந்தே செய்திருந்தால் எவ்வளவு சுலபம்.

"வெர்லின்" என்றார், என்னைத் தாண்டி. "நான்—"

"இங்க வேண்டாம்" என்றேன். "காபிக் கடை மேசையில சொன்னீங்க. அங்கயே சொல்லுங்க. இதையும் எடுத்துட்டுப் போய் மேசையில வைங்க. அப்புறம் வரோம்."

"பொண்ணே, சோளம் காயுது."

"தெரியும். காலையில மேசை நிறைஞ்சிருக்கும்."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா வராந்தாப் பலகையைப் பார்த்தார். பிக்கப் கிளம்பிப் போனது, எந்தப் பக்கம் திரும்பியது என்று புழுதியில் தெரியவில்லை.

"பயிர் என்ன பாவம் பண்ணிச்சு?" என்றார் அப்பா.



ஜூலை 16, பகல்

இது நியாயமா, பழியா? பிறை எடை எந்தப் பக்கம் இருக்கிறது என்று வெளியிலிருந்து எனக்கே தெரியவில்லை. நூறு ஏக்கர் இலை சுருள்கிறது. அவர் மறுத்தால் நான் என்ன செய்வேன்? போவேனா? போனால் அப்பா பேர் கெட்டபடியே போனவர். போகாவிட்டால் நான் யார்?

போக மாட்டேன். எழுதிவிட்டேன். போக மாட்டேன்.

ஜூலை 17

ஓஃபீலியா போன் செய்தாள். மூச்சு வாங்கப் பேசினாள், கடையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

ஹாய்ட் வந்தாராம். நேற்று வரவில்லை, இன்று வந்தார். உட்காரவில்லை. இரும்பு வட்டத்தை மேசை நடுவில், சர்க்கரைப் பாத்திரத்தைத் தள்ளிவிட்டு வைத்தார். தொப்பியைக் கழற்றினார். "வெர்லின் கட்டின எஞ்சின்ல ஒரு குத்தமும் இல்ல. நான்தான் இதை மாட்டினேன்" என்றார். யாரோ ஒருவன் எல்லாம் ஒண்ணுதானே ஹாய்ட் என்றானாம். "நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு, காபி குடிக்காமல் போய்விட்டாராம். வட்டம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. ஒவ்வொருத்தரும் எடுத்துப் பார்த்துக் கட்டைவிரலை ஓட்டுகிறார்களாம்.

அப்பாவிடம் ஓஃபீலியா சொன்னதை அவள் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். கேட்டுக்கொண்டே கையைக் கழுவினார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. பண்ணைக்குப் போன் செய்து, இன்று வர முடியாது என்றார். காரணம் கேட்டிருப்பார்கள்.

"வேலை இருக்கு" என்றார்.

கருவிப் பெட்டியை டிரக்கில் ஏற்றினேன். அப்பா பக்கத்து இருக்கையில் ஏறியதும் வடக்கே ஓட்டினேன்.